ட்ரிஃப்ட்லெஸ் பள்ளத்தாக்குகளில் கிராவல் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரிஃப்ட்லெஸ் என்பது எந்த இடம்?

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதிக்கு இரு கரையிலும் உள்ள நாட்டுப்புறம். விஸ்கான்சினின் தென்மேற்கு, மினசோட்டாவின் தென்கிழக்கு, அயோவாவின் வடகிழக்கு, இலினாயின் வடமேற்கு மூலை ஆகியவை இதில் அடங்கும். பனியுகத்தில் பனிப்பாறைகள் சுற்றுவட்டாரத்தையெல்லாம் தேய்த்துச் சமவெளியாக்கின. அவை விட்டுப்போகும் மண்ணுக்கும் கல்லுக்கும் ‘ட்ரிஃப்ட்’ என்று பெயர். அது இல்லாத நிலம் என்பதால்தான் ட்ரிஃப்ட்லெஸ். (கறாராகப் பார்த்தால் மினசோட்டா, அயோவா பக்கத்துக்குப் பழைய பனிப்பாறைகள் வந்திருக்கின்றன, கடைசிப் பனியுகம்தான் தொடாமல் போனது.) ரூட் ஆறு, மேல் அயோவா ஆறு, கிக்கப்பூ ஆறு போன்றவை சுண்ணாம்புக்கல்லையும் மணற்கல்லையும் நெடுங்காலமாக அறுத்துக்கொண்டு ஓடியதில் ஆழமான, குறுகலான பள்ளத்தாக்குகள் உண்டாகியிருக்கின்றன.

சைக்கிள்காரர் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. இங்கே மேலே இருப்பது சமதளம். முகட்டில் சோளமும் சோயாவும் விளையும் வயல்கள், நேரான சாலைகள். கீழே ஆறு, மரங்கள், வளைவுகள். முகட்டுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட சரிவில்தான் உங்கள் கால் பேசும்.

முகட்டுக்கும் ஆற்றுக்கும் 150 மீட்டர்தானே வித்தியாசம்? அது ஒரு ஏற்றமா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவர்கள் கேட்கும் கேள்வி இது. கொல்லிமலை ஒரே ஏற்றம். ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டால் மேலே போய்விடலாம், பிறகு இறக்கம்தான். இங்கே 100 மீட்டர் ஏறி, முகட்டில் நாலு கிலோமீட்டர் எதிர்காற்றில் மிதித்து, சறுக்கும் ஜல்லியில் இறங்கி, ஓடையைக் கடந்ததும் மறுபடி ஏற்றம். 100 கி.மீ. சுற்றில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரும். மொத்த ஏற்றம் 1,200 முதல் 1,500 மீட்டர் வரை போகும். சாய்வு 7, 8 சதவீதம் சாதாரணம். சில இடங்களில் 12-ஐத் தாண்டும். உதிர்ந்த ஜல்லியில் 12 சதவீதம் என்றால் எழுந்து நின்று மிதிக்க முடியாது. எடை முன்னால் போனதும் பின்சக்கரம் பிடி இழந்து சுழலும்.

எனவே திட்டமிடும்போது கிலோமீட்டரை எண்ணாதீர்கள், ஏற்றங்களை எண்ணுங்கள். தார்ச்சாலையில் மணிக்கு 25 கி.மீ. போகிறவர் இங்கே நிறுத்தங்களைச் சேர்க்காமல் 17, 18 போனால் நல்ல வேகம். 80 கி.மீ. சுற்றுக்கு நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எந்த மாநிலப் பக்கம் போவது?

படங்களில் விஸ்கான்சின்தான் அழகாகத் தெரியும். ஆனால் அங்கே சரளைச் சாலை குறைவு. அது பால் மாநிலம். பண்ணை வாசல் வரை பால் லாரி எல்லாப் பருவத்திலும் வந்தாக வேண்டும் என்பதால் சின்னச் சின்ன ஊர்ச்சாலைகளுக்கும் எப்போதோ தார் போட்டுவிட்டார்கள். ரோடு சைக்கிளுக்கு அது சொர்க்கம். ஜல்லிதான் வேண்டும் என்றால் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வாருங்கள். மினசோட்டாவில் ஃபில்மோர், ஹியூஸ்டன், வினோனா கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் மாதிரி). அயோவாவில் வின்னஷீக், அலமக்கி கவுன்ட்டிகள்.

அங்கே ‘கிராவல்’ என்றால் என்ன? நம் ஊர் கிராவல் மண்தானா?

இல்லை. நம் ஊரில் கிராவல் என்றால் செம்மண்ணோடு கலந்த சரளை. இங்கே உள்ளூர்க் கல்குவாரியில் சுண்ணாம்புக்கல்லை உடைத்து, முக்கால் ஜல்லியும் கிரஷர் தூசியுமாகக் கொட்டிப் பரப்புகிறார்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளைத் தூசி. நனைந்தால் அரியலூர் சிமென்ட் ஆலை வாசலில் மழை பெய்த மாதிரி சாம்பல் நிறக் குழம்பு. அந்தக் குழம்பு செயினிலும் பிரேக்கிலும் ஒட்டிக் காய்ந்தால் கல்லாகும்.

முதல் முறை போகிறவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

மினசோட்டாவின் லேன்ஸ்பரோ. மின்னியாபோலிஸிலிருந்து காரில் இரண்டேகால், இரண்டரை மணி நேரம். ரோச்செஸ்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

லேன்ஸ்பரோவைச் சொல்வதற்குக் காரணம் அதன் அழகு மட்டும் அல்ல. பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கிய ரூட் ரிவர் ஸ்டேட் டிரெயில், ஃபவுன்டன் முதல் ஹியூஸ்டன் வரை 42 மைல், ஆற்றை ஒட்டித் தார் போட்டுக் கிடக்கிறது. ரயில் ஏறிய சாய்வு என்பதால் பெரிய ஏற்றம் கிடையாது. இந்தப் பாதையை முதுகெலும்பாக வையுங்கள். சரளைச் சாலையில் முகட்டுக்கு ஏறுங்கள், வேறொரு ஊரில் கீழே இறங்குங்கள், தார்ப்பாதையில் திரும்புங்கள். கால் சோர்ந்தாலும் மழை வந்தாலும் டயர் கிழிந்தாலும் கீழே இறங்கிவிட்டால் போதும், வீடு வந்த மாதிரி. தெரியாத முகட்டில் 100 கி.மீ. வட்டம் வரைந்துகொண்டு போவதைவிட முதல் முறைக்கு இதுவே புத்திசாலித்தனம்.

மூன்று சுற்றுகளை இப்படி அமைக்கலாம்:

முதலாவது, லேன்ஸ்பரோவிலிருந்து வடக்கு முகட்டில் ஏறி, கிழக்கே வயல்களுக்கு இடையில் போய், பீட்டர்சன் அல்லது ரஷ்ஃபோர்டில் இறங்குவது. ரஷ்ஃபோர்டிலிருந்து திரும்பத் தார்ப்பாதையில் ஏறக்குறைய 30 கி.மீ. மொத்தம் 60 முதல் 65 கி.மீ. வழியில் உள்ள வேலன் என்ற குட்டி ஊர், மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடும் ‘பை’ பலகாரத்துக்குப் பேர்போனது.

இரண்டாவது, தெற்கே ஹார்மனி பக்கம் ஏறி பிரெஸ்டனில் இறங்குவது. ஹார்மனிக்கும் பிரெஸ்டனுக்கும் நடுவே இன்னொரு தார்ப்பாதை வந்து ரூட் ரிவர் பாதையோடு சேர்கிறது. எங்கே களைத்தாலும் அதில் நுழைந்துகொள்ளலாம்.

மூன்றாவது, கொஞ்சம் பழகிய பிறகு, பிரெஸ்டனிலிருந்து ஃபாரஸ்ட்வில் மாநிலப் பூங்கா வரை போய் வருவது. அங்கே ரூட் ஆற்றின் தென்கிளை நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி மிஸ்டரி குகை வழியாக ஓடி மறுபடி வெளியே வருகிறது. குகைக்குள் ஆண்டு முழுவதும் 9 டிகிரி செல்சியஸ்தான். வியர்த்த சட்டையோடு சுற்றிப்பார்க்க நுழைந்தால் பல் கிட்டிக்கும். ஒரு மேல்சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றமே வேண்டாம், குழந்தைகளும் வருகிறார்கள். வழி உண்டா?

உண்டு. அதற்கு மட்டும் விஸ்கான்சின். எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை, 32 மைல். அமெரிக்காவில் ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியதில் முன்னோடி; 1960-களில் வந்தது. தார் இல்லை, நன்றாக இறுகிய சுண்ணாம்புக்கல் தூள். 35 மி.மீ. டயர் தாராளமாகப் போதும்.

மூன்று சுரங்கங்கள் வரும். மிக நீளமானது நார்வாக்குக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையில், 3,810 அடி. உள்ளே கும்மிருட்டு, மேலிருந்து தண்ணீர் சொட்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். செல்போன் வெளிச்சம் போதாது, ஆளுக்கு ஒரு விளக்கு தேவை. குளிர்காலத்தில் சுரங்கக் கதவுகளை மூடிவிடுவார்கள். 16 வயது முதல் ஒவ்வொருவருக்கும் பாதை அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளுக்கு 5 டாலர்.

அயோவா பக்கம் எப்படி?

டெக்கோரா ஊர்தான் மையம். அங்கிருந்து மேல் அயோவா ஆற்றை ஒட்டி புளஃப்டன் பக்கம் போனால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். ஏற்றங்கள் மினசோட்டாவைவிடக் கொஞ்சமும் இளைத்தவை அல்ல.

இங்கே ஒரு பலகையைக் கவனியுங்கள். ‘லெவல் பி’ என்று எழுதியிருந்தால் அது ஜல்லி போடாத வெறும் மண்சாலை. கவுன்ட்டி அதைப் பெரிதாகப் பராமரிக்காது, உங்கள் பொறுப்பில் போகலாம். ‘லெவல் சி’ என்றால் கதவு போட்ட சாலை, பொதுமக்களுக்கு இல்லை. வரைபடச் செயலிகள் இரண்டையும் சாதாரணச் சாலையாகவே காட்டும். மினசோட்டாவில் லெவல் பி-க்கு ஈடாக ‘மினிமம் மெயின்டனன்ஸ்’ என்ற பலகை இருக்கும்.

மழை பெய்த மறுநாள் அந்த மண்சாலையில் போகலாமா?

போகாதீர்கள். முகடுகளின் மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த நைஸான வண்டல் மண் படிந்திருக்கிறது. காய்ந்தால் சிமென்ட் தரை போல ஓடும். நனைந்தால் பிசைந்த மாவு. பத்தே மீட்டரில் டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். அப்போதுதான் பலரும் செய்யும் தவறு நடக்கிறது. பலம் கொடுத்து இன்னும் இரண்டு மிதி மிதிப்பார்கள். சேற்றில் சிக்கிய டிரெய்லியர் (பின்சக்கரக் கியர் மாற்றி) பின்னால் இழுபட்டு, அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் உடையும், சில சமயம் டிரெய்லியர் ஆரக்கம்பிகளுக்குள் போய்ச் சக்கரத்தையும் கெடுக்கும். பயணம் அங்கேயே முடிந்தது.

தெரியாமல் நுழைந்துவிட்டால் உடனே இறங்குங்கள். உருட்டவும் வேண்டாம், உருட்டினாலும் சேறு ஏறும். ஓரப் புல்லில் நடங்கள், அல்லது தோளில் தூக்குங்கள். பெயின்ட் கலக்கும் தட்டையான மரக்குச்சி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் சேற்றை வழித்துப் போடலாம். இரும்புக் கம்பியால் குத்தினால் ஃபிரேமில் கீறல் விழும். ஜல்லிச் சாலைக்கு இந்தத் தொல்லை இல்லை, மழை நின்ற சில மணி நேரத்தில் ஓட்டலாம்.

டயர் எத்தனை மில்லிமீட்டர்? காற்று எவ்வளவு?

40 குறைந்தபட்சம், 45 சரியான அளவு. புதிதாக ஜல்லி கொட்டிய சாலையில் இந்த ஐந்து மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் குமிழ்களோடும் இருக்கும் டயர் நல்லது. தடித்த பற்கள் உள்ள சேற்று டயர் இங்கே சுமை.

70 கிலோ எடையுள்ளவர், ட்யூப்லெஸ்: 45 மி.மீ.க்கு முன்னால் 27, பின்னால் 30 பிஎஸ்ஐ. 40 மி.மீ.க்கு 31, 34. எடை பத்து கிலோ கூடினால் மூன்று கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். ட்யூப் போட்டிருந்தால் நான்கைந்து அதிகம் வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது ரிம் ட்யூபைக் கடித்து இரட்டை ஓட்டை விழும். ‘கல்லுச்சாலைதானே, கெட்டியாக அடிப்போம்’ என்று 50 அடிப்பவர்கள் ஏற்றத்தில் சக்கரம் வழுக்குவதையும் மாலையில் மணிக்கட்டு வலிப்பதையும் பார்ப்பார்கள்.

ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் சக்கரத்துக்கு 60 முதல் 90 மி.லி. கோடையில் இரண்டு மாதத்தில் காய்ந்துவிடும். குலுக்கிப் பார்த்தால் சலசலக்க வேண்டும்.

கியர் எது வேண்டும்?

மிகச் சிறிய கியரில் முன்பல்லைவிடப் பின்பல் அதிகமாக இருக்க வேண்டும். முன்னால் ஒற்றைச் சக்கரம் 40 பல் என்றால் பின்னால் 42 அல்லது அதற்கு மேல். இரட்டை என்றால் முன்னால் 46/30 பல்லுக்குப் பின்னால் 11–34 அருமை. ரோடு சைக்கிளின் 50/34-ஐயும் 11–28-ஐயும் அப்படியே கொண்டுவந்தால் ஐந்தாவது ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். நடப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் ஷூவின் அடியில் பெடலோடு மாட்டும் கிளீட் தேயும்.

இறக்கத்தில்தான் பயமாக இருக்கிறது. எப்படி இறங்குவது?

விழுகிறவர்கள் பெரும்பாலும் இறக்கத்தில், அதுவும் கீழே ஓடைப் பாலத்துக்கு முந்தின வளைவில்தான் விழுகிறார்கள். கார் சக்கரங்கள் ஓடி ஓடி இரண்டு மூன்று இறுகிய தடங்கள் இருக்கும். தள்ளப்பட்ட ஜல்லி தடங்களுக்கு நடுவிலும் வளைவின் வெளிப்புறத்திலும் குவிந்திருக்கும். தடத்திலேயே இருங்கள். தடம் மாற வேண்டும் என்றால் நேரான பகுதியில், வேகம் குறைந்த பிறகு மாறுங்கள்.

பிரேக் முழுவதையும் வளைவுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் கழன்றுகொண்டு போகும். கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் (டிராப்), இடுப்பு சற்றே பின்னால், முழங்கை தளர்வாக. சைக்கிள் கொஞ்சம் அலையும், அலையட்டும். அதை இறுக்கிப் பிடித்துத் திருத்தப் பார்த்தால்தான் தரை. கண் பத்து, பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும்.

வண்டிகள் பிரேக் போடும் இடத்திலும் செங்குத்தான ஏற்றத்திலும் சாலை சலவைப் பலகை மாதிரி வரிவரியாக எழும்பியிருக்கும். அங்கே எதிர்ப்பக்கம் மென்மையாக இருக்கும் என்று வலது ஓரத்தை விட்டுப் போகும் ஆசை வரும். மேடு ஏறும்போது ஒருபோதும் வேண்டாம். மறுபக்கத்திலிருந்து வரும் பிக்கப் டிரக் உச்சிக்கு வரும்வரை தெரியாது.

கிரேடர் வண்டி அன்றைக்குத்தான் உழுதுவிட்டுப் போயிருந்தால் நடுவில் நீளமாக ஜல்லி வரப்பு கிடக்கும். அதைச் சாய்வாகக் கடக்காதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. இலை நிறம் மாறும், பூச்சி குறையும், சாலை இறுகியிருக்கும். அறுவடை லாரிகளின் தூசி மட்டும் தொல்லை. மே கடைசியும் நல்லதுதான். ஆனால் புது ஜல்லி கொட்டும் பருவமும் அதையொட்டித்தான். மார்ச், ஏப்ரலில் உறைந்த மண் உருகிச் சாலை பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும். நவம்பரில் மான் வேட்டைக் காலம். வந்தால் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை.

திடீர் வெள்ளம் வருமா?

வரும். குறுகிய பள்ளத்தாக்கில் எல்லாச் சரிவுத் தண்ணீரும் ஒரே ஓடையில் விழுவதால் இடியோடு கூடிய மழையில் ஒரு மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும். 2007 ஆகஸ்ட் 18, 19 தேதிகளில் ஹோக்கா என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 15.1 அங்குல மழை பதிவானது. மினசோட்டாவின் சாதனை அதுதான். ரஷ்ஃபோர்ட் ஊர் மூழ்கியது.

சில சிற்றோடைகளில் பாலம் இல்லாமல் சாலையே தண்ணீருக்குள் இறங்கி ஏறும். தெளிந்த, கணுக்கால் அளவு நீர் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கான்கிரீட் தளத்தில் பாசி இருக்கும், ஓட்டினால் விழுவீர்கள். அடி தெரியாத கலங்கல் நீர் என்றால் வந்த வழியே திரும்புங்கள். எத்தனை கிலோமீட்டர் சுற்றானாலும் சரி.

ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, குடிக்கலாமா?

கூடாது. இந்தச் சுண்ணாம்புப் பாறை முழுக்க வெடிப்பும் பள்ளமும். வயலில் இடும் உரமும் மாட்டுச்சாணமும் மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே நிலத்தடி நீருக்குப் போகின்றன. கையடக்க வடிகட்டி கிருமியைத் தடுக்கும், நைட்ரேட்டைத் தடுக்காது. ஊர்ப் பூங்காக் குழாய்களிலும் கடைகளிலும் நிரப்புங்கள். ஊருக்கு ஊர் 20, 30 கி.மீ. இருப்பதால் ஒன்றரை லிட்டர் எப்போதும் கையில் வேண்டும், கோடையில் இரண்டரை.

சைவ உணவு கிடைக்குமா?

கஷ்டம்தான். சிற்றூர் உணவகங்களில் சீஸ் பீட்சாவும் உருளை வறுவலும் நிச்சயம். ‘பை’ மேலோட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இங்கே பழைய வழக்கம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். லா கிராஸில் தலைமையிடம் உள்ள க்விக் டிரிப் பெட்ரோல் நிலையக் கடைகளில் வாழைப்பழம் மலிவு. அதே கடைக்கு அயோவாவில் க்விக் ஸ்டார் என்று பெயர். மற்றபடி வீட்டிலிருந்து கடலைமிட்டாயும் பேரீச்சையும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சோறு கொண்டுவருபவர்கள் உண்டு. பாதி வழியில் அதற்கு ஈடு இல்லை.

செடி, பூச்சி, நாய்?

ஜூன், ஜூலையில் சாலையோரம் மஞ்சள் பூக்குடைகளோடு இடுப்புயரம் நிற்பது காட்டு பார்ஸ்னிப். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் மாதிரிக் கொப்புளம் வரும். சிறுநீர் கழிக்க ஓரம் ஒதுங்குபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பட்டால் சோப்பு போட்டுக் கழுவி, அந்த இடத்தைத் துணியால் மூடி வெயில் படாமல் வையுங்கள்.

மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். மாலையில் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் பாருங்கள். ஒட்டியிருந்தால் முனைகூர்ந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு வேண்டாம்.

பண்ணை நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு உரத்த குரலில் அதட்டி நடங்கள். எல்லை தாண்டியதும் விட்டுவிடும்.

குதிரை வண்டிகள் எதிரே வந்தால்?

ஹார்மனி, கேன்டன் ஊர்களைச் சுற்றி 1974 முதல் ஆமிஷ் மக்கள் வாழ்கிறார்கள். கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகும் கிறிஸ்தவப் பிரிவினர். வண்டியைப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் கடந்தால் குதிரை மிரளும். தூரத்திலிருந்தே குரல் கொடுத்து, அகலமாக விலகிக் கடந்து போங்கள். முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள், அவர்கள் விரும்புவதில்லை. பண்ணை வாசலில் விற்கும் ரொட்டியும் ஜாமும் வாங்க வேண்டும் என்றால் சனிக்கிழமையே வாங்குங்கள். ஞாயிறு விற்க மாட்டார்கள். ரொக்கம் வேண்டும்.

வழியில் கெட்டால் யாரைக் கூப்பிடுவது?

பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, முகட்டில் இருக்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். திருப்பங்களைத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டுவது பழைய முறை, இன்றும் ஏமாற்றாது. 2007-இல் தொடங்கிய ஆல்மான்சோ 100 என்ற நூறு மைல் போட்டிக்கு அந்நாளில் அஞ்சலட்டை அனுப்பித்தான் பதிவு செய்தார்கள், கட்டணம் இருக்கவில்லை, துணை வண்டியும் இருக்கவில்லை. அந்த வட்டாரப் பழக்கமே அதுதான்: உன் சைக்கிள், உன் பொறுப்பு.

பையில் இருக்க வேண்டியவை: ட்யூப் இரண்டு, ட்யூப்லெஸ் பிளக், கைப்பம்ப், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர், செயின் பிரேக்கர், உங்கள் செயினுக்கு ஏற்ற குவிக் லிங்க், உங்கள் ஃபிரேமின் ஹேங்கர், ஒரு ஜோடி பிரேக் பேட். இந்தக் கடைசியை யாரும் எடுப்பதில்லை. ஈரச் சுண்ணாம்புத்தூள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்; மழை நாளில் புதுசாகப் போட்ட ரெசின் பேட் கூட ஒரே பயணத்தில் உலோகத் தகடு வரை தேய்ந்துவிடலாம். உலோகக் கலவை பேட் சத்தம் போடும், ஆனால் தாங்கும். ரோட்டர் (பிரேக் தட்டு) அதை ஏற்குமா என்று பார்த்துப் போடுங்கள்.

திரும்பி வந்ததும்?

அன்றைக்கே கழுவுங்கள். குழாயைத் திறந்து மெல்லிய நீரில் முதலில் தூளை ஓடவிடுங்கள், பிறகுதான் தூரிகை. காய்ந்த தூளைத் தேய்த்தால் பெயின்ட் போகும். அழுத்த நீரை பேரிங் பக்கம் காட்டாதீர்கள். செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் இடுங்கள். பெடல் ஸ்பிரிங்குக்கும் கிளீட் திருகுகளுக்கும் ஒரு சொட்டு. திருகுத் தலைக்குள் காய்ந்து இறுகிய சுண்ணாம்பை அடுத்த வாரம் ஊசியால் தோண்டிக்கொண்டிருப்பதைவிட இது சுலபம்.